உடைவதற்கு ஒரு குடம்

எமில்டா தன் மட்பாண்டக் கடையைத் திறந்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடைக்கு மேல்மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். படியிறங்கினால் வேலை. வெளியில் இடுப்பளவுக்குப் பனி கிடந்தால் அவளுக்கென்ன?

கஷ்டம் எனக்குத்தான். காலையில் நான் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டபோது என் கணவர் மோகனசுந்தரம் ரீவிக்கு முன்னால் போர்வையோடு இருந்தார். பனி அள்ளி முடியாமல் நகரசபை ஆமியைக் கூப்பிட்டிருந்தது.

"ஆமி வருதாம். சனமெல்லாம் வீட்டுக்குள்ள இருக்கட்டாம்," என்றார்.

"ஆமி வருதெண்டால் வீட்டை விட்டு வெளிக்கிடுறதுதானே ஊரில எங்கட வழக்கம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுத் தை மாதம் அது. ரொறன்ரோ முழுவதும் முடங்கிக் கிடந்தது. நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையும் பூட்டு. வெக்ஸ்போர்டில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து எமில்டாவின் கடைக்கு இரண்டு பஸ் தரிப்பிடத் தூரம். பஸ் ஓடவில்லை, நடந்தேன். நடந்தேன் என்பதும் பொய். ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நட்டேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் திரும்பியிருப்பேன். அன்றைக்கு என் குடத்துக்குப் பூச்சுப் பூசும் நாள்.

குடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். முந்திய வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, கடைக் கண்ணாடிக்கு உள்ளே ஒருத்தி சுழலும் சில்லில் களிமண்ணை வைத்து ஒரு கோப்பையை எழுப்பிக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. அதற்குப் பிறகு நான் உள்ளே போய் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் காரணம் தேவைப்பட்டது. கைவலிக்கு டொக்டர் சொன்னாரோ? பிள்ளைகள் படிக்கப் போனதால் வீட்டில் பொழுது போகவில்லையோ? "எனக்கு விருப்பம்" என்று சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

எல்லாரையும் விட மோசம் தியாகலிங்கம் அண்ணை. எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடிக்காரர், எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர், எவர் வீட்டில் எந்தச் சடங்கு நடந்தாலும் முன்வரிசையில் நின்று பிழை பிடிப்பவர். ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் ரோல்ஸோடு, மண்டபத்துக்கே கேட்கும்படி என் கணவரிடம் சொன்னார்: "மோகன், உம்மட மனுசி சட்டிபானை வனையப் போறாவாம். உது எங்கட ஆக்கள் செய்யிற வேலையே?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் அரைச் சிரிப்பொன்று சிரித்தார். அந்த அரைச் சிரிப்புக்கு அவர் ஒரு கிழமை முழுவதும் தானே தேத்தண்ணி போட்டுக் குடித்தார். எனக்கு நெருப்பெடுத்தது. ஊரில் எங்கள் வாசலுக்குள் வரவிடாமல் சிலரை வெளியில் நிறுத்தி வைத்த கதையை, பிளேன் ஏறும்போது மனுஷன் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார். அன்றிலிருந்து லிப்டில் அவரைக் கண்டால் நான் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தக் கோபத்தில்தான் குடம் செய்யப் பிடிவாதம் பிடித்தேன் என்று நினைக்கிறேன். கோப்பை, கிண்ணம் எல்லாம் சுலபம். குடம் அப்படியில்லை. வயிறு பெருத்தால் கழுத்துச் சரியும். கழுத்து நின்றால் வயிறு அம்மிக்கல் மாதிரிக் கனக்கும். எத்தனையோ தடவை சரிந்து, திரும்பப் பிசைந்து, திரும்பச் சரிந்து, நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒன்று நின்றது. வட்ட வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே மலர்ந்த வாய், மெல்லிய சுவர். அதை ஒருமுறை சுட்டாகிவிட்டது. ஒருமுறை சுட்டால் மண் இறுகும், ஆனாலும் விழுந்தால் உடையும். அதற்குப் பிறகு கண்ணாடி மாதிரி மினுங்கும் பூச்சில் முக்கி, இன்னும் கூடிய வெக்கையில் இரண்டாம் தரம் சுட வேண்டும். நான் நீலம் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். வசந்தத்தில் எமில்டா கடைக் கண்ணாடிக்குள் மாணவர்களின் பொருட்களை அடுக்குவாள். நடுத்தட்டில் என் நீலக் குடம், கீழே என் பெயர். பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஈரமண் வாசம் அடித்தது. எமில்டா போர்த்துக்கலைச் சேர்ந்த ஒரு தீவிலிருந்து வந்தவள், அறுபது வயது, கோப்பி இல்லாமல் கதைக்கமாட்டாள்.

"பைத்தியக்காரி, வந்துவிட்டாயா?" என்றாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அது அவளுக்கும் சொந்த மொழியில்லை, எனக்கும் இல்லை. அதனால் இருவருக்கும் நன்றாக விளங்கும்.

அன்றைய காலை மாதிரி ஒரு காலை எனக்கு இந்த நாட்டில் அதிகம் கிடைத்ததில்லை. தெருவில் ஒரு வாகனம் இல்லை. பனி கண்ணாடியில் பாதி உயரத்துக்கு ஏறி, கடைக்குள் வெள்ளை வெளிச்சமாக இருந்தது. பழைய மின்சாரத் தாச்சியில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. பூச்சு சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க, முதலில் குடத்தின் அடியில் மெழுகு தடவ வேண்டும். நான் தூரிகையால் ஆறுதலாகத் தடவினேன். எமில்டா வாளியில் நீலத்தைக் கலக்கினாள். சுடாத பூச்சு சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். அதற்குள் நீலம் இருக்கிறது என்று நம்பத்தான் வேண்டும். நான் நம்பினேன். அந்த நேரம் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

குடத்தை முக்கக் கையில் எடுத்தபோது கதவு மணி அடித்தது.

உள்ளே வந்தவரின் தொப்பி, மீசை, தோள் எல்லாம் பனி. தொப்பியைக் கழற்றிய பிறகுதான் தியாகலிங்கம் அண்ணை என்று தெரிந்தது.

அவருடைய தகப்பனார் அம்பலவாணர் ஐயா ஞாயிற்றுக்கிழமை காலமாகியிருந்தார். தொண்ணூறு தாண்டிய மனிதர். படுத்தவர் எழும்பவில்லை, அவ்வளவுதான். முதல்நாள் நானும் உடலை வைத்திருந்த மண்டபத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாளைக்குத் தகனம். இந்த நேரத்தில் மூத்த மகனுக்கு மட்பாண்டக் கடையில் என்ன வேலை?

"நீர் இஞ்சதான் நிக்கிறீர் எண்டு மோகன் சொன்னவன்," என்றார். கதிரையில் இருந்தார். எமில்டா கொடுத்த கோப்பியை இரண்டு கையாலும் பிடித்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கொரு குடம் வேணும், புனிதம்."

"என்ன குடம்?" என்றேன். எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. ஆனாலும் அவர் வாயால் வரட்டும்.

"கொள்ளிக்குடம்."

எமில்டா என்ன என்று கேட்டாள். நான் சொன்னேன். மூத்த மகன் தண்ணீர் நிறைந்த மண்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தகப்பனின் உடலை மூன்று தரம் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் கத்தி நுனியால் குடத்தில் ஒரு துளை போடுவார். தண்ணீர் பீறிக்கொண்டு போகும். கடைசியில் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் போகவேண்டும். குடம் உடைய வேண்டும்.

"உடைப்பதற்காகவா கேட்கிறார்?"

"உடைப்பதற்காகத்தான்."

அண்ணை தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். "வழமையா ஐயர்தான் கொண்டு வாறவர். ஐயற்ற கார் பிறம்ரனில பனிக்குள்ள புதைஞ்சு போச்சு. நாளைக்கு எப்பிடியும் வந்திடுறன், குடத்தை மட்டும் நீங்கள் பாருங்கோ எண்டிட்டார். தமிழ்க்கடை ஒண்டு விடாமல் போன் பண்ணிப் பாத்திட்டன். பூச்சட்டியாவது வாங்குவமெண்டால், கடைகளில உப்பும் பனி அள்ளுற சவளும் மட்டும்தான் கிடக்குது."

முந்திய மாரியில் இப்படித்தான் ஒரு செத்தவீட்டில் மண்குடம் கிடைக்காமல் அலுமினியக் குடத்தை வைத்துச் செய்தார்கள். அது உடையாமல் உருண்டுபோய்க் கதிரைகளுக்குக் கீழே சத்தம்போட்டுச் சுழன்றது. அந்த வீட்டுக்காரரை மாதக்கணக்கில் இழுத்து இழுத்துக் கதைத்தது வேறு யாருமில்லை, இதே அண்ணைதான்.

"சனம் என்னை விடாது, புனிதம்."

"நீங்கள் சனத்தை விட்டனீங்களே?"

வாயில் வந்துவிட்டது. அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"சனம் கிடக்கட்டும்," என்றார். "ஐயாவை ஒழுங்கா அனுப்ப வேணும். அவர் எல்லாத்தையும் ஒழுங்காச் செய்தவர்."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. எழும்பித் தட்டிலிருந்து என் பழைய மண்ணிற ஜாடி ஒன்றை எடுத்தேன். பூச்சுப் பூசி இரண்டுதரம் சுட்டது, ஒருவரும் வாங்காதது. "மண்டபத்தில் கார்ப்பெட் இருக்குமே?" என்று எமில்டா கேட்டாள். இருக்கும். வாசலில் விரித்திருந்த தடித்த கால்விரிப்பில் ஜாடியைத் தோளுயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். தொம் என்று விழுந்தது. உருண்டு அண்ணையின் சப்பாத்தில் முட்டி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

"அலுமினியந்தான்," என்றார் அண்ணை.

அப்போதுதான் அவருடைய கண் மேசையில் இருந்த குடத்துக்குப் போனது. பூச்சில்லாமல், இளஞ்சிவப்பாய், மெல்லிய சுவரோடு. கேட்கவே தேவையில்லை, அச்சொட்டாகக் கொள்ளிக்குடம்.

"உது?"

"உது தரேலாது," என்றேன். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடித்தட்டு, வசந்தம், பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே, செத்தவீட்டுக்காரரோடு சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக விடவும் மனமில்லை.

அவர் நெருக்கவில்லை. "ஓம், ஓம். பேர் போட்டு வைக்கிற சாமான். கேட்டது என்ர பிழை," என்று எழும்பித் தொப்பியைத் தட்டினார். போகிற வழியில் தட்டிலிருந்த ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நீர் ஐயாவுக்கும் உப்பிடி ஒண்டு குடுத்தனீர்."

கொடுத்தேன்தான். தொடக்கத்தில் செய்தது. வாய் ஒருபக்கம் கோணி, வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் இருந்தது.

"பல்லுக்கட்டைக் கழட்டி அதுக்குள்ளதான் வைப்பார். நான் நல்ல பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு வாங்கிக் குடுத்தனான், தொட்டும் பார்க்கேல்லை. அந்தக் கோணலுக்குள்ள பெருவிரல் அளவாப் பொருந்துதாம். வெளிச்சம் போடாமலே பிடிச்சு எடுக்கலாமாம். புனிதம் பாத்துத்தான் செய்திருக்கிறா எண்டு சொல்லுவார்." கிண்ணத்தைத் திரும்ப வைத்தார். "நேற்று அதையும் சவப்பெட்டிக்குள்ள அவற்ற கைப்பக்கத்தில வைச்சிட்டன்."

அவர் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டார்.

"நில்லுங்கோ," என்றேன்.

எமில்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது. "யோசித்துத்தான் கொடுக்கிறாயா?" என்றாள்.

"இல்லை. யோசித்தால் கொடுக்கமாட்டேன்."

கொடுப்பது என்று வந்த பிறகு என் தலை வேறு பக்கம் ஓடத் தொடங்கியது. சுவர் மெல்லிசு. முதல் சுற்றிலேயே யாராவது கத்தியால் ஓங்கிக் குத்தினால், குடம் முழுவதும் அண்ணையின் தோளிலேயே தூளாகிவிடும். துளையை இப்போதே போட்டு அடைத்து வைக்க வேண்டும். மேசையில் மெழுகு உருகிக்கொண்டிருந்ததே!

எமில்டா துளையிடும் ஊசியைத் தண்ணீரில் நனைத்துத் தந்தாள். அதைக் கையால் திருகித் திருகி, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளை போட்டேன். கிழமைக்கணக்கில் ஒரு வெடிப்பும் வராமல் காத்த சுவர். முதல் துளையில் மண்தூள் விழுந்தபோது மனம் கிடந்து அடித்தது. மூன்றாவது துளைக்கு வரும்போது, வட்டம் சரியாக வருகிறதா என்பது மட்டும்தான் கவலை. மெழுகை ஊற்றி அடைத்து, தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"ஒண்டைக் குத்திப் பாப்பமே?" என்றார் அண்ணை.

நான் கத்தி நுனியால் மெழுகில் மெல்லக் குத்தினேன். தண்ணீர் வில்லாக வளைந்து நேரே அவருடைய நெஞ்சில் அடித்தது. மூன்று பேரும் திடுக்கிட்டோம். பிறகு எமில்டா சிரித்தாள், நான் சிரித்தேன். கடைசியில் அண்ணையும் சிரித்தார். சிரித்துச் சிரித்து, அப்படியே அவருடைய முகம் அழுகைக்கு மாறியது. நாங்கள் இருவரும் குடத்தைத் துடைப்பதாகப் பாவனை செய்துகொண்டு நின்றோம்.

அழுது முடித்து, வெறும் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் எழுபது ஆகப்போகிறது.

"கனமே இல்லை, புனிதம். நீரே செய்தனீர்?"

"எங்கட ஆக்கள் செய்யிற வேலைதான் அண்ணை," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

துளையைத் திரும்ப மெழுகால் அடைத்தேன். விழுகிற இடத்தில் கார்ப்பெட்டுக்கு மேலே வைக்கச் சொல்லி, சூளைக்குள் போடும் தடித்த கல்தட்டு ஒன்றையும் எமில்டா தந்தாள். எல்லாவற்றையும் போர்வையால் சுற்றி, அவளுடைய பேரப்பிள்ளையின் பனிச்சறுக்குப் பலகையில் வைத்துக் கட்டினோம். அண்ணை முன்னால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் பின்னால் குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் ஆமி லொறி ஒன்று வந்தது. அண்ணை தன்னையறியாமல் பலகையை ஓரம் கட்டி, அசையாமல் நின்றார். மேலே சவளோடு இருந்த பொடியன் எங்களுக்குக் கை காட்டினான். நான் காட்டினேன். அண்ணை காட்டவில்லை. லொறி திருப்பம் கடந்து மறைந்த பிறகு, யாருமில்லாத தெருவைப் பார்த்து மெல்லக் கையைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் மண்டபத்தில் நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். ஐயர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டார். பின்னால் கத்தியோடு போனது என் கணவர். மெழுகில் குத்த வேண்டும், மண்ணில் இல்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். முதல் சுற்று, ஒரு தாரை. இரண்டாவது, மூன்றாவது. விரித்திருந்த பிளாஸ்ரிக்கில் தண்ணீர் சீராக விழுந்துகொண்டே போனது.

"இனிப் போடுங்கோ. திரும்பிப் பாராதையுங்கோ," என்றார் ஐயர்.

அண்ணை போடவில்லை. கல்தட்டுக்கு முதுகைக் காட்டியபடி, தோளில் இருந்த குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயர் இன்னொருதரம் சொன்னார். என் கணவர் கிட்டப் போய் "அண்ணை" என்றார். அவருடைய விரல்கள் குடத்தின் வயிற்றை ஒருமுறை தடவியதைக் கண்டேன். பிறகு விட்டார்.

குடம் கல்லில் விழுந்து ஒரே அடியில் உடைந்தது. ஓடுகள் நாலாபக்கமும் சிதறின.

அவர் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி, "உடைஞ்சுதே?" என்று கேட்டார்.

செய்தவள் நான்தானே.

"வடிவா உடைஞ்சிட்டுது, அண்ணை," என்றேன்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் குடம் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. செத்தவீட்டில் சந்தோஷத்தை வெளியில் காட்ட முடியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ரெலிபோனுக்கு ஓய்வில்லை. தூரத்து ஸ்ரௌவ்வில்லிலிருந்துகூட எடுத்தார்கள். "தியாகலிங்கம் அண்ணைதான் நம்பர் தந்தவர். குடமெண்டால் உங்களைத்தான் கேக்கச் சொன்னவர்." நான் துளை போட்டு, மெழுகடைத்து, தட்டில் ஒன்றிரண்டு எப்போதும் தயாராக வைத்தேன். எமில்டா அந்தத் தட்டைத் தூசு தட்டும்போது சிலுவை போட்டுக்கொள்வாள்.

பனியெல்லாம் கரைந்து, தெருவில் திரும்பப் பூச்சட்டிகள் வந்த காலத்தில் அண்ணை கடைக்கு வந்தார். என் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கொஞ்சநேரம் மண் சுழல்வதைப் பார்த்தார்.

"எனக்கும் ஒண்டு செய்து வையும், புனிதம். ஐயாவுக்குச் செய்த அதே அளவு."

"விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை."

"அவசரமில்லை. ஆறுதலாச் செய்யும்."

செய்தேன். அதே வட்ட வயிறு, அதே ஒடுங்கிய கழுத்து. ஒருமுறை சுட்டேன். துளை போடவில்லை. சாம்பல் நிற வாளிக்குள் கழுத்துவரை முக்கி எடுத்து, சூளையின் முழு வெக்கையில் இரண்டாம் தரமும் சுட்டேன். கதவைத் திறந்தபோது அது நீலமாக நின்றது, நம்பினபடியே. வசந்தம் முடியும்வரை கடைக் கண்ணாடிக்குள் என் பெயரோடு இருந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறி ஆறாம் மாடிக்குப் போனேன்.

அண்ணை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அது ணங் என்றது. இன்னொருதரம் தட்டினார்.

"புனிதம், உது உடையாதே."

"ஓம் அண்ணை," என்றேன். "உடையாது."

அவர் மனைவியைக் கூப்பிட்டு, ரீவிக்கு மேலே கிடந்த சாமான்களையெல்லாம் எடுத்து இடம் பண்ணச் சொன்னார்.